நம்பிக்கை போன பிறகும் போகாத சொற்கள்

கட்டுப்பாடு மிகுந்த ஒரு மதக்குழுவை விட்டு வெளியேறிப் பல வருடங்கள் ஆன ஒருவர், வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றி 'உலகத்து ஆள்தான், ஆனாலும் நல்ல மனுஷன்' என்று சொல்லிவிடுகிறார். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, நாமெல்லாம் வேறு எந்த உலகத்து ஆட்கள்? இப்படி ஒரு சொல் வாயில் வந்துவிட்டால் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். குழுவில் இன்னும் இருக்கிற உறவினர், 'பார், பேச்சு மாறவில்லை, அப்படியென்றால் விசுவாசமும் உள்ளே இருக்கிறது, என்றாவது திரும்பி வருவான்' என்பார். வெளியில் கிடைத்த நண்பர், 'இன்னுமா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய்' என்பார். சொன்னவரோ, தன் மூளையில் ஏதோ நிரந்தரமாகக் கெட்டுப்போய்விட்டது என்று தனக்குள் பயப்படுவார். 'மூளைச்சலவை' என்ற சொல்லை ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வீசுவதால் அந்தப் பயம் இன்னும் கூடும்.

மூன்றுமே தவறு என்பது என் கட்சி. சொல் தங்குவது வேறு, நம்பிக்கை தங்குவது வேறு. ஆனால் 'வெறும் சொல்தானே, விடு' என்பதும் சரியில்லை, ஏனென்றால் தங்கிப்போகும் சொற்களில் சில சும்மா கிடக்கின்றன, சில இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டு சொற்களை முதலிலேயே வரையறுத்துக்கொள்வோம். கட்டுப்பாடான குழு என்று நான் இங்கே சொல்வது, யாருடன் பழகலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம், எதைப் படிக்கலாம் என்பது வரை குழுவே முடிவு செய்கிற, விலகினால் சொந்தபந்தத்தையும் இழக்க நேர்கிற இடம். எந்த மதத்திலும் இப்படிப்பட்ட குழு இருக்கலாம், அதே மதத்தில் இதற்கு நேர்மாறான தளர்வான இடங்களும் இருக்கும். உட்குழுச் சொல் என்பது, பார்க்கச் சாதாரணச் சொல் மாதிரியே இருந்து, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் முழுப் பொருளும் விளங்குகிற சொல்.

## முதலில், எது பிரச்சினையே இல்லை

கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொல்பவரும் கால் இடறினால் 'கடவுளே' என்பார். தொழுகையை விட்டுப் பல காலம் ஆனவரும் 'நாளைக்குப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்' என்பார். இவை ஒரு மொழி பேசும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட சொற்கள், உட்குழுச் சொல் கணக்கிலேயே வராது. இதைப் பிடித்துக்கொண்டு 'மாட்டிக்கொண்டாயா' என்று கேலி பேசுபவர்களை நான் பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது தொழில்சொல் போன்றவை. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் திருச்சபையில் ஒரு வட்டாரத்துச் சபையை 'வார்டு' என்பார்கள், அதில் ஒருவருக்குக் கொடுக்கப்படும் சம்பளமில்லாத பொறுப்பை 'அழைப்பு' என்பார்கள். யெகோவாவின் சாட்சிகள் வீடு வீடாகப் போய்ப் பேசுவதை 'ஊழியம்' என்பார்கள், ஆர்வம் காட்டியவரை மறுபடி போய்ப் பார்ப்பதை 'மறுசந்திப்பு' என்பார்கள். வெளியே வந்தவர் தன் பழைய வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தச் சொற்கள் வரத்தான் செய்யும். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் பேச்சில் ராணுவச் சொல் வருவதைப் போலத்தான், அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது மூன்றாவது வகை, தீர்ப்பையும் சேர்த்துச் சுமக்கிற உட்குழுச் சொற்கள். கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

## ஒரு சொல், மூன்று வேலை

'உலகம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவத்தின் பல கண்டிப்பான பிரிவுகளில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வசனம் நிற்கிறது: 'உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்' (1 யோவான் 2:15). அதிலிருந்து உலகத்தார், உலகக் கல்வி, உலகச் சிநேகிதம், உலகப்பிரகாரமான உடை என்று ஒரு குடும்பமே கிளைத்துவிடுகிறது.

'உலகத்தார்' என்று ஒருவர் சொல்லும்போது என்ன நடக்கிறது? முதலில், அந்தச் சொல் யாரையோ சுட்டுகிறது: நம் குழுவில் இல்லாதவர். எந்தச் சொல்லும் செய்கிற வேலைதான். இரண்டாவதாக, சுட்டும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுகிறது: அவர் கெட்டவர், குறைந்தபட்சம் ஆபத்தானவர். இந்தத் தீர்ப்பைத் தனியாக வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை, பெயரிலேயே கலந்திருக்கிறது. அதனால்தான் 'ஆனாலும் நல்ல மனுஷன்' என்று ஒரு 'ஆனாலும்' தேவைப்படுகிறது. வெறுமனே பக்கத்து மேசைக்காரர் என்றால் அந்த 'ஆனாலும்' எங்கிருந்து வரும்? மூன்றாவதாக, அந்தச் சொல் வேலி போடுகிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர் உள்ளே இருப்பவர், கேட்டு முழிக்கிறவர் வெளியே இருப்பவர். தங்கள் மதத்தையே 'சத்தியம்' என்று சொல்கிற ஒரு குழுவில், இரண்டு பேர் சந்தித்துப் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 'நீங்கள் எத்தனை வருஷமாகச் சத்தியத்தில் இருக்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்டால், கேட்டவரும் புரிந்துகொண்டவரும் அந்த நொடியே ஒரே வீட்டுக்காரர்கள்.

அமெரிக்காவில் நவீன வசதிகளைத் தவிர்த்துத் தனிச் சமூகமாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் தங்களைச் சேராத எல்லோரையும் 'இங்கிலீஷ்காரர்' என்பார்கள், அவருடைய முன்னோர் எந்த நாட்டில் இருந்து வந்திருந்தாலும் சரி. அங்கே தீர்ப்பு குறைவு, வேலிதான் அதிகம். ஆக மூன்று வேலையும் எல்லாச் சொல்லிலும் ஒரே அளவில் இருக்காது.

சுருக்கமாக: உட்குழுச் சொல் சுட்டும், தீர்ப்பு சொல்லும், வேலி போடும். நம்பிக்கையை விடுகிறவர் கோட்பாட்டை விடுகிறார். சபைக்குப் போவதை நிறுத்தியதுமே வேலி பாதி விழுந்துவிடுகிறது. தீர்ப்பு மட்டும் கடைசி வரை நிற்கும், பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

## யோசனையை நிறுத்துகிற சொற்கள்

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950-களில் ஹாங்காங்கில், ஆட்களின் அரசியல் எண்ணங்களை மாற்ற முயன்ற சீனாவின் 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற நடவடிக்கைக்கு ஆளாகி வெளியே வந்தவர்களைச் சந்தித்துப் பேசினார். அந்த அனுபவங்களை வைத்து, மனிதரை முழுமையாகக் கட்டுக்குள் வைக்க முயலும் சூழலுக்கு எட்டு அடையாளங்கள் உண்டு என்று 1961-இல் எழுதினார். அவற்றில் ஒன்று, மொழியில் சுமை ஏற்றுவது. அந்த இடத்தில்தான் அவர் ஒரு பெயர் கொடுத்தார், தமிழில் அதை சிந்தனை நிறுத்தி என்று வைத்துக்கொள்ளலாம்: சிக்கலான ஒரு கேள்வியை, மனப்பாடமான ஒரு சின்ன வாசகத்தைப் போட்டு அத்தோடு முடித்துவிடுவது.

கவனிக்க வேண்டியது, லிஃப்டன் பார்த்தது முதன்மையாக அரசியல். மதத்துக்கு மட்டும் உரிய நோய் இது இல்லை. நாமும் 'விதி', 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லி எத்தனையோ பேச்சை முடித்திருக்கிறோம், துக்க வீட்டில் அது ஆறுதலாகவும் இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே யாராவது 'இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று சொல்லலாம், யாரும் அவரை ஒதுக்கிவைக்க மாட்டார்கள். கட்டுப்பாடான குழுவில் அந்த அடுத்த கேள்விக்கு இடம் கிடையாது, கேட்டால் கேட்டவர் பக்கம்தான் குறை. 'உன் பெருமை பேசுகிறது.' 'ஆவிக்குரிய பலவீனம்.' 'மனித ஞானத்தை நம்பாதே.'

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1975-ஐ ஒட்டி இந்த உலகத்தின் முடிவு வரும் என்று யெகோவாவின் சாட்சிகளில் பலர் எதிர்பார்த்திருந்தார்கள். வரவில்லை. அந்த அமைப்பில் ஒரு போதனை மாற்றப்படும்போது, ஒளி கூடிக்கொண்டே போகிறது என்று சொல்வது வழக்கம், நீதிமொழிகள் 4:18-ஐ அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்: நீதிமான்களின் பாதை நடுப்பகல் வரை அதிகமதிகமாகப் பிரகாசிக்கும். அழகான உவமைதான். ஆனால் 'நேற்று சொன்னது தப்பா?' என்று ஒருவர் கேட்க நினைத்தால் அந்தக் கேள்விக்கு உள்ளே சொல்லே இல்லை. தப்பு என்று ஒன்று இல்லை, குறைந்த ஒளி, கூடிய ஒளி, அவ்வளவுதான். கேட்க வார்த்தை இல்லாத கேள்வியை மனசுக்குள்கூட முழுதாக எழுப்பிப் பார்ப்பது கஷ்டம்.

இப்படிப் பல வருடம் பழகியவர் வெளியே வந்தால் என்ன ஆகும்? கோட்பாடு போய்விடும், நிறுத்தும் பழக்கம் நிற்கும். வேலை பிடிக்கவில்லை, மாறலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பார், உடனே 'இருக்கிறதில் திருப்தி இல்லாத ஆவி' என்று ஏதோ ஒன்று குறுக்கே வரும், யோசனை அங்கேயே நின்றுவிடும். அவருக்கு இப்போது ஆவியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் யோசனை நிற்கிறது.

## ஏன் ஒட்டிக்கொள்கின்றன?

வீடு மாறிய புதிதில் இரவில் எழுந்தால் கை பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த பக்கம்தான் போகும். பழைய வீட்டுக்குத் திரும்பிப் போக ஆசை என்று யாரும் அதற்குப் பொருள் சொல்வதில்லை. பகலில் அந்தத் தவறு வராது, இருட்டில், பாதித் தூக்கத்தில்தான் வரும். உட்குழுச் சொற்களும் அப்படித்தான்: நிதானமாகப் பேசும்போது வராமல், களைப்பிலும் கோபத்திலும் பயத்திலும் முதலில் வந்து நிற்கும்.

இதற்குப் பெயர் தானியக்கம், அதாவது நாம் தீர்மானிக்காமலேயே மூளை ஒரு வேலையைச் செய்து முடிப்பது. 1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் காட்டிய சோதனை இதற்குப் பிரபலம்: 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சடித்து, மையின் நிறத்தை மட்டும் சொல் என்றால் எல்லோரும் தடுமாறுவார்கள். சொல்லைப் படிக்காதே என்று எவ்வளவு சொல்லிக்கொண்டாலும் கண் படித்துவிடுகிறது. (ஸ்ட்ரூப் பிற்காலத்தில் உளவியலைவிட பைபிள் போதனையிலும் பிரசங்கத்திலும்தான் அதிக நாட்டம் காட்டினார் என்பது நம் விஷயத்துக்கு வாய்த்த ஒரு சுவாரசியம்.) வாரத்துக்குப் பல கூட்டம், தினசரி ஜெபம், மனப்பாட வசனம் என்று சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்ட சொல் இந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது. நம்பிக்கையை மாற்றிக்கொள்வது ஒரு முடிவு, பழக்கம் முடிவைக் கேட்டு நடப்பதில்லை.

இரண்டாவது காரணம் உடம்பு. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களை வைத்து 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சில சொற்களைக் காட்டியும் ஒலிக்கவிட்டும், தோலின் மின்கடத்துத்திறன் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். மனம் பதறினால் லேசாக வியர்க்கும், அப்போது இந்த அளவு ஏறும். சின்னப் பிள்ளையைத் திட்டும் வாசகங்களை, 'வெட்கமாக இல்லையா' என்கிற மாதிரியானவற்றை, ஆங்கிலத்தில் கேட்டதைவிடத் துருக்கியில் கேட்டபோது உடம்பு அதிகமாகப் பதறியது. அர்த்தம் இரண்டிலும் ஒன்றுதான். இது மதச் சொற்களைப் பற்றிய ஆய்வு இல்லை, ஆனாலும் இங்கே பொருந்துவதைப் பார்க்க முடிகிறது: பயமும் பாசமும் கலந்த வயதில் ஏறிய சொல்லுக்கு உடம்பு முதலில் பதில் சொல்கிறது, அறிவு பின்னால் வருகிறது. நரகத்தை நம்பாதவருக்கும் 'நரகம்' என்ற சொல் வயிற்றைப் பிசைவது இதனால்தான்.

மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மாற்றுச் சொல் இல்லாமை. சிலருக்கு உள்மன விஷயங்கள் அத்தனைக்கும் மத மொழி ஒன்றுதான் கற்றுத்தரப்பட்டிருக்கும். மனசு கனமாக இருந்தால் 'பாரம்', ஒரு முடிவில் நிம்மதி இருந்தால் 'சமாதானம்', எதையாவது செய்யத் தூண்டினால் 'ஏவுதல்', சோர்ந்துபோனால் 'பின்மாற்றம்'. இவற்றைப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை. மன அழுத்தத்தில் இருக்கும் ஒருத்தி தன்னை 'பலவீனமாகிவிட்டேன்' என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவளாக இருந்தால், டாக்டரிடம் போக வேண்டும் என்பதே தோன்றாது. அந்தச் சொல்லுக்கு மருந்து ஜெபம்தான் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், அடக்கப் பார்த்தால் கூடும். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1987-இல் காட்டினார்கள். 'இந்தச் சொல் இனி என் வாயில் வரவே கூடாது' என்று காவல் போடுகிறவருக்கு அதே கதிதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: பழக்கத்தால் வேகமாக வருகிறது, சிறுவயதில் ஏறியதால் உடம்பைத் தொடுகிறது, வேறு சொல் இல்லாததால் தங்குகிறது, விரட்டினால் இன்னும் கூடுகிறது. இதில் எதற்கும் நம்பிக்கை தேவைப்படவில்லை.

## விலகியவருக்கு வைத்த பெயர்

எல்லாவற்றிலும் சிக்கலானது, விலகுவதைக் குறிக்கும் சொல்லே உள்ளே இருந்து வந்ததாக இருப்பது. கண்டிப்பான யூதச் சமூகங்களை விட்டு வந்தவர்கள் தங்களை 'ஆஃப் த டெரெக்' என்று சொல்லிக்கொள்வது உண்டு. பாதையை விட்டு விலகியவர் என்று அர்த்தம். பாதை எது என்பதை அந்தப் பெயரே முடிவு செய்துவிட்டது, போனவருக்கு மிஞ்சியது விலகல். 'பின்மாற்றக்காரர்', 'விசுவாசதுரோகி' எல்லாம் இதே ரகம். 'நாய் தான் கக்கினதைத் தின்னத் திரும்பினது' என்ற 2 பேதுரு 2:22 வசனத்தை விலகியவர்களைப் பார்த்துச் சொல்வதும் நடக்கும், அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு வெளியே வைத்த முதல் அடியே அருவருப்பாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

இன்னொரு வேடிக்கை, அமைப்புகளே இந்தச் சொற்களைக் கைவிடுகின்றன. மார்மன் திருச்சபை 2020-இல் தன் கையேட்டில் பழைய 'சபைப் புறம்பாக்கல்' என்பதை எடுத்துவிட்டு 'உறுப்பினர் தகுதியைத் திரும்பப் பெறுதல்' என்று மாற்றியது. யெகோவாவின் சாட்சிகளும் 2024-இல் ஆங்கிலத்தில் பழைய தண்டனைச் சொல்லை விட்டு 'சபையிலிருந்து நீக்கப்பட்டவர்' என்ற பொருளில் வேறு சொல்லுக்குப் போனார்கள். அதற்கு முன்னாலேயே வெளியேற்றப்பட்டவர்கள் இன்னும் தங்களைப் பழைய பெயராலேயே சொல்லிக்கொள்கிறார்கள். வைத்தவர் விட்டுவிட்டார், சுமந்தவர் விடவில்லை.

ஹெலன் ரோஸ் எபா என்ற சமூகவியலாளர் முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்தவர். ஒரு பாத்திரத்தை, அதாவது வாழ்க்கையில் வகித்த ஒரு நிலையை, விட்டு வெளியேறுவதைப் பற்றி 1988-இல் எழுதியபோது, முன்பு கன்னியாஸ்திரீயாக, மருத்துவராக, மனைவியாக, குடிநோயாளியாக இருந்து விலகியவர்களையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பழைய பாத்திரத்தின் மிச்சம் புதியவரிடம் தொடர்ந்து இருக்கும், 'முன்னாள்' என்பதே ஒரு தனி அடையாளம் என்பது அவருடைய கணிப்பு. மதத்தை விட்டவர்களிடம் மட்டும் காணப்படும் விசித்திரமாக இதை நடத்துவதைவிட, அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது நியாயம்.

வெளியே வந்தவர்கள் கூடும் இடங்களிலும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அங்கேயும் உட்குழுச் சொற்கள் முளைக்கின்றன. உடம்பு உள்ளே, மனசு வெளியே என்று வாழ்பவரை, ஆங்கிலச் சுருக்கமாக 'பிமோ' என்பார்கள். விலகிய நாளை 'நான் விழித்துக்கொண்டேன்' என்பார்கள், உள்ளே இருப்பவர்களை 'தூங்குகிறவர்கள்' என்பார்கள். மனமாற்றச் சாட்சி சொல்கிறவர் 'அந்தகாரத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தேன்' என்பதற்கும் இதற்கும் வடிவத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அதே மூன்று வேலை: சுட்டு, தீர்ப்பு, வேலி. ஆறுதல் தேவைப்படும் நேரத்தில் இது உதவும்தான், ஆனால் அங்கேயும் அடுத்த கேள்வி கேட்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

## சரி, என்ன செய்யலாம்?

எல்லாச் சொல்லையும் துடைத்தெடுக்க வேண்டும் என்று கிளம்ப வேண்டாம். ஒரு சொல் வந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யாரைப் பற்றியாவது தீர்ப்பு சொல்கிறதா? இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும். தீர்ப்பு இருந்தால், அதிலும் தன்னைப் பற்றிய தீர்ப்பாக இருந்தால், அந்த ஒன்றை மட்டும் உடைத்துப் பார்க்கலாம்.

உடைப்பது என்றால், குழுவின் சொல்லை எடுத்துவிட்டு நடந்ததை அப்படியே சொல்வது. 'நான் பலவீனமாகிவிட்டேன்' என்றால், என்ன நடந்தது? மூன்று வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இப்படிச் சொன்னதும் அடுத்து என்ன செய்யலாம் என்பது தெரிந்துவிடும். 'கீழ்ப்படியாத குணம்' என்றால், என்ன செய்தேன்? அப்பா சொன்ன வரனை வேண்டாம் என்றேன். சொல்லைவிட நடந்தது எப்போதும் சின்னதாக இருக்கிறது.

'உலகக் கல்வி' மாதிரி ஒன்று குறுக்கே வந்து பாதியில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: படிப்பு வேண்டாம் என்று இப்போது எனக்கு என்ன காரணம் இருக்கிறது? பணம், நேரம், ஆர்வமின்மை என்று உண்மையான காரணம் இருந்தால் அதுவே போதும், படிக்காமல் இருக்கலாம். காரணமே இல்லை, வெறும் சொல்தான் நின்றது என்று தெரிந்தால் விண்ணப்பத்தை வாங்கலாம்.

கூட இருப்பவர்களுக்கு: பிடித்துக் காட்டாதீர்கள். 'மறுபடி அந்த வார்த்தை' என்று சுட்டிக்காட்டினால், கண்காணிப்புக்குள் வளர்ந்த ஒருவரை இன்னொரு கண்காணிப்புக்குள் தள்ளுகிறோம். அதற்குப் பதில், 'அங்கே அதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் போதும். விளக்கிச் சொல்லும்போது அவரே அந்தத் தீர்ப்பைக் காதால் கேட்பார், பெரும்பாலும் முதல் தடவையாக. ஆலோசகரிடம் போகிறவர்களும் இந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்கச் சொல்லலாம். 'சமாதானம் இல்லை' என்று சொன்னால் ஆலோசகருக்கு விளங்குவது ஒன்று, சொன்னவர் மனசில் இருப்பது வேறு, அதை முதலிலேயே பிரித்துவைக்காவிட்டால் இரண்டு பேரும் பல வாரம் வெவ்வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, வீட்டோடு பேசுவது. அம்மா இன்னும் உள்ளே இருக்கிறார், பேச்சுவார்த்தை அறுந்துபோகவில்லை என்றால், அவரிடம் அவர் மொழியில் பேசுவதைச் சிலர் ஏமாற்று என்று நினைத்துத் தவிக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லும்போது 'தேவன் பெலன் தருவார்மா' என்று சொல்வது இரண்டு மொழி தெரிந்தவர் எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மொழியில் பேசுவதுதான். அம்மா அதிலிருந்து 'அப்போ இந்த ஞாயிறு கூட்டத்துக்கு வருவியா?' என்று கேட்டால் மட்டும், 'வரலம்மா, மத்தியானம் உன்னைப் பார்க்க வர்றேன்' என்று வெளி மொழியில், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும்.